பேனாவுக்குச் சன்னது வேண்டுமா?

வக்கீல் தொழில் நடத்த விரும்புகிறவர் சட்டப் படிப்பில் தேறி, வழக்கறிஞர் மன்றத்தில் தம் பெயரைப் பதிந்துகொண்டு சன்னது பெற வேண்டும். வைத்தியம் செய்ய விரும்புகிறவர் பட்டம் பெற்ற பின் மருத்துவப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். கணக்குத் தணிக்கையாளருக்கும் அப்படியே. தெருவில் மோட்டார் வண்டி ஓட்டுகிறவரைக் கூட நிறுத்தி, லைசென்ஸைக் காட்டும்படி போலீஸ்காரர் கேட்கலாம். ஆனால் லட்சக்கணக்கான மக்கள் படிக்கும் செய்தியை எழுதுகிறவரிடம், எழுதுவதற்கு அவருக்குள்ள தகுதி என்ன என்று கேட்க நம் நாட்டில் எவருக்கும் அதிகாரம் இல்லை. இது முறைதானா? பத்திரிகையாளருக்கும் ஒரு பரீட்சை, ஒரு பட்டயம், ஒரு கட்டாயச் சங்கம் வேண்டாமா? நம் அன்பர்கள் கூடிப் பேசும் இடங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆகவே இம்மாதம் இதையே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

இது வீண் பேச்சுக்குரிய விஷயமன்று. 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவராக அப்போது இருந்த நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அவர்கள், பத்திரிகையாளராவதற்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி ஒன்றை வகுப்பது பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். வக்கீலையும் வைத்தியரையும் அவரும் உதாரணம் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், செய்தி ஒலிபரப்புத் துறை மந்திரியாக இருந்த மணீஷ் திவாரி அவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, பத்திரிகையாளருக்குப் பொதுப் பரீட்சை ஒன்று நடத்தி லைசென்ஸ் வழங்கலாம் என்று கருத்துத் தெரிவித்தார். இரண்டும் சட்டமாகவில்லை. எனினும் அந்த எண்ணம் மறைந்துவிடவில்லை. பொய்ச் செய்தி ஒன்று கலகம் விளைவிக்கும் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் தலைதூக்குகிறது.

வழக்கின் நியாயம்

லைசென்ஸ் வேண்டும் என்போரின் கட்சியை இலேசாகத் தள்ளிவிடுவதற்கில்லை. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நம் போன்றோர்க்குப் பொய்ச் செய்தியின் கொடுமை நன்றாகவே விளங்கும். ஊரில் உள்ளவன் வதந்தியைக் கேட்டால் தெருமுனைக்குச் சென்று உண்மையை விசாரித்து வரலாம். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவன் என்ன செய்வான்? செய்தியைத்தான் நம்ப வேண்டும்.

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று வட நாட்டில் செய்தி பரவிற்று. வேறு எப்போதோ, வேறு காரணத்தால் நிகழ்ந்த அடிதடிக் காட்சிகளைச் சேர்த்து, அவையே சான்று என்று காட்டினார்கள். திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் உழைத்துக் கொண்டிருந்தவர்களை, 'உடனே புறப்பட்டு வா' என்று வீட்டார் தொலைபேசியில் அழைத்தார்கள். பீகார்ச் சட்டசபையில் அமளி எழுந்தது. அந்த அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. தமிழ்நாட்டுப் போலீசார் இந்தியிலேயே விளக்கம் வெளியிட்டு, செய்தி பொய் என்று அறிவித்தார்கள். பிழைக்க வந்த இடத்தில் உயிருக்கு அஞ்சும் குடும்பத்தின் மனநிலை எப்படியிருக்கும் என்று நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பீகாரியருக்கு நேர்ந்த கலக்கம் நாளை எந்த ஊரிலும் நமக்கே நேரலாம்.

இது தவிர, அன்றாடம் காணும் சிறுமைகள் பல. காரின் கண்ணாடியில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு போலீசாரை மிரட்டுவோர் உண்டு. கடைக்காரரிடம் சென்று, 'உம்மைப் பற்றி எழுதிவிடுவேன்' என்று பணம் பறிப்போர் உண்டு. தேர்தல் காலத்தில் வேட்பாளரிடம் பணம் பெற்றுக்கொண்டு, விளம்பரத்தையே செய்தி போல் அச்சிடும் வழக்கத்தைப் பத்திரிகை மன்றமே 2010-ஆம் ஆண்டில் ஆராய்ந்து அறிக்கை தந்தது. இவற்றையெல்லாம் பார்க்கும் சாதாரணக் குடிமகன், 'இவர்களுக்கு ஒரு கடிவாளம் வேண்டாமா?' என்று கேட்பதில் வியப்பில்லை.

நோய் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. லைசென்ஸ் அதற்கு மருந்தாகுமா என்பதே கேள்வி.

மேற்சொன்ன 2023-ஆம் ஆண்டுச் செய்தியையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். அந்தப் பொய்யைப் பரப்பியவர்கள் யாவரும் தகுதியற்ற தனி மனிதர்கள் அல்லர். போலீசார் பதிவு செய்த வழக்குகளில், பெயர்பெற்ற இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மீது தொடர்ந்த வழக்கும் ஒன்று. நாளைக்கே லைசென்ஸ் சட்டம் வந்தால், முதல் வரிசையில் நின்று அதைப் பெறக்கூடியவர்கள் இத்தகைய பெரிய பத்திரிகைகளைச் சேர்ந்தவர்களே. அந்தக் காட்சிகள் எங்கே, எப்போது எடுக்கப்பட்டவை என்று ஒவ்வொன்றாகத் தேடி உண்மையை வெளிப்படுத்தியவர்களில் பலரோ, அரசாங்க அங்கீகாரம் ஏதுமின்றிச் சிறு குழுக்களாக இயங்குகிறவர்கள். லைசென்ஸ் முறை இருந்திருந்தால் பொய் சொன்னவருக்கு உரிமை இருந்திருக்கும். பொய்யைப் பொய்யென்று காட்டியவர் உரிமைக்காகக் காத்திருந்திருப்பார். பணம் வாங்கிச் செய்தி போடும் குற்றமும் அப்படியே. அதைச் செய்வோர் எழுதத் தெரியாதவர்கள் அல்லர், நன்றாகத் தெரிந்தவர்களே. பரீட்சை அறிவைச் சோதிக்குமேயன்றி நாணயத்தைச் சோதிக்காது.

ராய் அவர்களின் ஆட்சேபம்

இந்த நாட்டுக்கு லைசென்ஸ் முறை புதியதும் அன்று. நாம் அதை ஒரு முறைக்கு இருமுறை அனுபவித்துப் பார்த்திருக்கிறோம்.

1823-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஆடம், பத்திரிகை நடத்துவோர் கம்பெனி அரசாங்கத்திடம் முன்கூட்டியே லைசென்ஸ் பெற வேண்டும் என்று விதி செய்தார். அரசாங்கம் நினைத்தபோது அதைத் திரும்பப் பெறலாம். 'கல்கத்தா ஜர்னல்' ஆசிரியரான பக்கிங்காம் என்ற ஆங்கிலேயர் அதே ஆண்டு நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். ராஜாராம் மோகன் ராய் அவர்கள் அப்போது 'மிராத்-உல்-அக்பார்' என்ற பாரசீக மொழி வாரப் பத்திரிகையை நடத்தி வந்தார். அவரும் நண்பர்களும் கல்கத்தாவிலிருந்த சுப்ரீம் கோர்ட்டில் விண்ணப்பித்துப் பார்த்தார்கள், பயனில்லை. லைசென்ஸ் கேட்டு நிற்பதை விடப் பத்திரிகையை மூடிவிடுவதே மேல் என்று ராய் முடிவு செய்தார், அப்படியே மூடிவிட்டார்.

அதற்கு அவர் கூறிய காரணங்கள் இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. பெரிய அதிகாரிகளோடு பழக்கமுள்ளவர்களுக்கு லைசென்ஸ் பெறுவது எளிது. சாதாரண மனிதனோ வாயிற்காவலரையும் சேவகரையும் கடந்து உள்ளே போவதே கடினம் என்றார். பலர் கூடிய கோர்ட்டில் நின்று பிரமாணம் செய்து கெஞ்சுவது மானமுள்ளவனுக்குத் தகாது என்றார். அவ்வளவும் செய்து லைசென்ஸ் பெற்ற பிறகும், எந்த நாளில் அதைப் பறித்துக் கொள்வார்களோ என்ற அச்சத்துடனேயே எழுத வேண்டியிருக்கும் என்றார். இம்மூன்றில் கடைசியே தலையாயது என்பது நம் கருத்து. கொடுக்கும் கைக்கு எடுக்கவும் தெரியும். லைசென்ஸ் பெற்றவன் ஒரு நாளும் பறிகொடுக்காமலே இருக்கலாம். ஆயினும், 'இந்த வரியை எழுதலாமா, எழுதினால் லைசென்ஸுக்குக் கேடு வருமா' என்று எண்ணி ஒரு வரியை அடித்துவிட்டானானால், சட்டம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்றே பொருள்.

1835-ல் மெட்காஃப் அந்த விதிகளை நீக்கினார். அச்சிடுவோரும் வெளியிடுவோரும் தம் பெயரையும் இடத்தையும் தெரிவித்தால் போதும் என்று ஆயிற்று. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கானிங் பிரபு ஓராண்டுக்கு மறுபடியும் லைசென்ஸைக் கொண்டுவந்தார். 1878-ல் லிட்டன் பிரபு இயற்றிய சட்டமோ, இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு மட்டும் தனி விலங்கு பூட்டியது. 'அம்ருத பஜார் பத்திரிகா' அதற்குத் தப்பும் பொருட்டு, வங்க மொழியை விட்டு ஆங்கிலப் பத்திரிகையாக மாறிய கதை பலரும் அறிந்தது.

அந்த 1878-ஆம் ஆண்டிலேதான் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடி 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள். முத்துசாமி ஐயர் அவர்கள் ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டதை வெள்ளையர் பத்திரிகைகள் இகழ்ந்து எழுதின. அதற்கு விடை சொல்ல ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் உட்பட இருவர் ஆசிரியர்கள். மற்ற நால்வர் சட்டம் படித்துக் கொண்டிருந்த மாணவர்கள். பத்திரிகைத் தொழிலில் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லை. முதல் இதழில் அச்சானவை 80 பிரதிகளே. பிறகு 1882-ல் சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். 1904-ல் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியார், அதற்குச் சற்று முன் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர். 1917-ல் 'தேசபக்தன்' ஆசிரியரான திரு. வி. க. அவர்களும் பள்ளித் தமிழாசிரியரே. இவர்களை அந்நாளில் ஒரு பரீட்சைக் குழுவின் முன் நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? குழுவை நியமித்திருக்கக் கூடியவர்கள் யார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்தியரும் நிருபரும்

அது அந்நிய ஆட்சி. இப்போது நம் ஆட்சி அல்லவா என்று கேட்கலாம். வைத்தியருக்கு நம் ஆட்சியே விதிக்கும் நிபந்தனையை நிருபருக்கு விதித்தால் என்ன?

வேறுபாடு இருக்கிறது. மருந்து கொடுப்பதும் கத்தி வைப்பதும் குடிமக்கள் எல்லோருக்கும் உள்ள உரிமையல்ல. அது கற்றவர்க்கு மட்டும் அளிக்கப்படும் சலுகை. தான் கண்டதையும் கேட்டதையும் பிறரிடம் சொல்வதோ, அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதி ஒவ்வொரு குடிமகனுக்கும் அளித்துள்ள உரிமை. பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு வாசகம் நம் அரசியல் சட்டத்தில் இல்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றிக் கேட்டபோது, பத்திரிகை என்பது தனி மனிதனின் இன்னொரு பெயரே; ஆசிரியர் எழுதும்போது குடிமகன் என்ற முறையில் தம் பேச்சுரிமையைத்தான் பயன்படுத்துகிறார்; ஆகவே தனி வாசகம் தேவையில்லை என்ற கருத்தில் டாக்டர் அம்பேத்கர் விடை கூறினார். இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. பத்திரிகையாளர்க்குச் சாதாரணக் குடிமகனை விட அதிக உரிமை இல்லை. அதே சமயம், பத்திரிகையாளர்க்கு லைசென்ஸ் என்றால் அது குடிமகனின் வாய்க்கே லைசென்ஸ் என்றாகும்.

தொழில் செய்யும் உரிமைக்குத் தகுதி வகுக்க அரசியல் சட்டம் இடம் தருகிறதே என்று வாதிப்போர் உண்டு. தருகிறது, பொதுநலம் கருதித் தொழில்களைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அங்கே பட்டியலிட்டுள்ள காரணங்கள் வேறு. அவற்றுள் பொதுநலம் என்ற பொதுச் சொல் கிடையாது. புனாவிலிருந்து வெளிவரும் 'சகாள்' என்ற மராத்தி நாளிதழ் தொடர்ந்த வழக்கில், 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கிற்று. விலைக்குத் தக்கபடி பத்திரிகையின் பக்கங்களை அரசாங்கம் வரையறுத்திருந்தது. பத்திரிகையும் ஒரு வியாபாரந்தானே என்ற வழியில் நுழைந்து பேச்சுரிமையைக் குறைக்க முடியாது என்று சொல்லி, நீதிபதிகள் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டார்கள்.

கடல் கடந்த நாட்டு அனுபவமும் இங்கே துணை செய்யும். மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்று ஒரு சிறு நாடு. பத்திரிகையாளராகத் தொழில் செய்ய வேண்டுமானால் அந்நாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தே தீர வேண்டும் என்று 1969-ல் அங்கே சட்டம் செய்தார்கள். சர்வாதிகார நாடன்று அது. பட்டாளமே வேண்டாம் என்று கலைத்துவிட்ட ஜனநாயக நாடு. 'டிக்கோ டைம்ஸ்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் எழுதி வந்த ஸ்டீபன் ஷ்மிட் என்ற அமெரிக்கர் சங்கத்தில் சேராமல் எழுதினார் என்று வழக்குத் தொடர்ந்து, 1983-ல் அவருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். தண்டனையை நிறுத்தியும் வைத்தார்கள். அவர் எழுதியது பொய் என்று எவரும் சொல்லவில்லை. எழுதியதுதான் குற்றம்.

கோஸ்டாரிகா அரசாங்கமே பிறகு அமெரிக்க நாடுகளின் மனித உரிமைக் கோர்ட்டை அணுகி அபிப்பிராயம் கேட்டது. அந்தக் கோர்ட்டு இருப்பதும் கோஸ்டாரிகாவின் தலைநகரிலேதான். 1985 நவம்பர் 13-ஆம் தேதி நீதிபதிகள் ஒருமுகமாகக் கருத்துக் கூறினார்கள். வக்கீல் தொழிலும் வைத்தியத் தொழிலும் தனிப்பட்ட உரிமையாக எல்லோருக்கும் வாய்த்தவை அல்ல. பத்திரிகைத் தொழிலோ கருத்துரிமையைத் தொடர்ந்து, ஊதியம் பெற்று, ஒழுங்காகப் பயன்படுத்துவதேயன்றி வேறில்லை. ஆகவே சங்கத்தில் சேராதவர்க்குப் பத்திரிகைகளில் எழுத இடமில்லை என்று தடுப்பது மனித உரிமை உடன்படிக்கைக்கு முரணானது என்பதே அவர்கள் கருத்தின் சாரம். 1995-ல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே கட்டாய உறுப்பினர் விதியை நீக்கிற்று.

பிரேசிலில் ராணுவ ஆட்சியின்போது, அதே 1969-ல், பத்திரிகையாளர்க்குப் பட்டயம் கட்டாயமாக்கப்பட்டது. 2009 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. தலைமை நீதிபதி மெந்தேஸ் ஓர் உவமை சொன்னார்: நல்ல சமையற்காரர் சமையற் கலாசாலையில் பயின்றவராக இருக்கலாம், அதற்காக நாட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் பட்டயம் பெற்றவர்தான் சமைக்க வேண்டும் என்று அரசாங்கம் விதிக்க முடியுமா? நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இந்த உவமை மிகவும் பிடிக்கும்.

எல்லா நாடுகளும் இந்த வழியில் செல்லவில்லை. இத்தாலியில் 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்திரிகையாளர் பதிவேடும் அதை நடத்தும் சங்கமும் உண்டு. முழுநேரத் தொழில் செய்வோர்க்குப் பரீட்சையும் உண்டு. அம்முறையை ஆதரிப்போர் சொல்லும் வாதம் நேர்மையானது: பத்திரிகை முதலாளி ஒருவர் தம் வியாபாரத்துக்காகப் பொய் எழுதச் சொன்னால், சங்கத்தின் ஒழுக்க விதியைக் காட்டி மறுக்க எழுத்தாளனுக்கு அதில் பலம் கிடைக்கும். கூலிக்கு எழுதுகிறவனுக்கு முதலாளியிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அதற்குக் கதவை அடைக்கத் தேவையில்லை. நம் நாட்டில் 1955-ல் பத்திரிகை உழைப்பாளர்களுக்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். வேலை நேரம், விடுமுறை, நோட்டீசு, பணிக்கொடை ஆகியவற்றை அது வகுத்தது. அச்சட்டம் எவரைப் பத்திரிகையாளர் என்றது? பட்டயம் வைத்திருப்பவரை அன்று. பத்திரிகைத் தொழிலையே முக்கியத் தொழிலாகக் கொண்டு பத்திரிகையில் வேலை செய்பவரை. பின்னர் அதன் விதிகள் 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. செய்யும் வேலையைப் பார்த்துப் பாதுகாப்புத் தருவது ஒன்று. சீட்டைப் பார்த்து வேலைக்கு விடுவது வேறு.

பதிவு வேறு, அனுமதி வேறு

இங்கே சிலர் குழம்பக் கூடும். பத்திரிகைகள் இப்போதே பதிவு செய்யப்படுகின்றனவே, நிருபர்கள் அரசாங்க அடையாளச் சீட்டு வைத்திருக்கிறார்களே என்பார்கள்.

பத்திரிகைப் பதிவு 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. இப்போது 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றிருக்கிறது. பத்திரிகையின் கடைசிப் பக்க அடியில் ஆசிரியர், வெளியிடுவோர், அச்சிட்ட இடம் ஆகியவற்றைச் சிறிய எழுத்தில் கண்டிருப்பீர்கள். அதன் நோக்கம், தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரிவிப்பது. எழுதும் மனிதரின் தகுதியை அது கேட்பதில்லை.

அரசாங்கச் செய்தித் துறை தரும் அங்கீகாரச் சீட்டு, அலுவலகங்களுக்குள்ளும் கூட்டங்களுக்கும் செல்ல வசதிக்காகத் தரப்படுவது. அச்சீட்டு இல்லாதவரும் எழுதலாம். ஆயினும் இந்தச் சிறு வசதி கூட எப்படிப் பயன்படக் கூடும் என்பதை நெருக்கடி நிலைக் காலத்தில் கண்டோம். 1975 ஜூனில் தணிக்கை வந்தது. பல நிருபர்களின் அங்கீகாரம் ரத்தாயிற்று. அவ்வாண்டு முடிவில் பத்திரிகை மன்றமே கலைக்கப்பட்டது. 2022-ல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட அங்கீகார விதிகளிலும், நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, நாகரிகம் முதலியவற்றுக்குக் கேடாக நடந்தால் சீட்டைத் திரும்பப் பெறலாம் என்று கண்டிருக்கிறது. கேடு எது என்று தீர்மானிப்பவர் சீட்டைத் தருபவரே. உள்ளே நுழையும் சீட்டுக்கே இந்நிலை என்றால், எழுதும் உரிமையையே ஒரு சீட்டில் அடக்கினால் நிலைமை என்னாகும்?

லைசென்ஸை அரசாங்கம் தர வேண்டாம், பத்திரிகையாளர் சங்கமே தரட்டும் என்பது அடுத்த யோசனை. கோஸ்டாரிகாவில் தந்தது சங்கந்தான். உள்ளே இருப்பவர்கள் தங்கள் எண்ணிக்கை பெருகாமல் பார்த்துக்கொள்வது மனித இயற்கை. சங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சங்கமாகக் கூடி, ஊருக்கு ஊர் வளர்ந்தவர்கள் நாம். விரும்பிச் சேரும் சங்கம் உறுப்பினருக்குப் பலம். சேராதவனைச் சிறைக்கு அனுப்பும் சங்கம், சங்கம் என்ற பெயருக்கே உரியதன்று.

யாருக்கு நஷ்டம்?

லைசென்ஸ் வந்தால் பெரிய பத்திரிகைகளுக்கு நஷ்டமில்லை. அவர்கள் பணம் கட்டுவார்கள், பட்டதாரிகளை நியமிப்பார்கள், கோர்ட்டுக்கும் போவார்கள். நஷ்டமடைவோர் வேறு. தாலுகா ஊரில் இருந்துகொண்டு, அச்சான செய்திக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி பெற்று, மணல் திருட்டையும் ரேஷன் கடை மோசடியையும் எழுதும் பகுதிநேர நிருபர் நஷ்டமடைவார். உத்தரப் பிரதேசத்தில் சித்திரகூட வட்டாரத்தில் 2002-ஆம் ஆண்டு கிராமத்துப் பெண்கள் சிலர் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களில் தலித் பெண்கள் பலர். அதிகம் படிக்க வாய்ப்பில்லாதவர்கள். கிராமம் கிராமமாக நடந்து, குடிநீர்க் குழாய், சாலை, பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியவற்றை மக்கள் பேசும் மொழியிலேயே எழுதினார்கள். பல்கலைக் கழகப் பட்டயத்தை வாயிலில் கேட்டிருந்தால் அந்தப் பத்திரிகை பிறந்தே இருக்காது. அந்தக் கிராமங்களுக்கு வேறு நிருபர் எவரும் வந்திருக்கவும் மாட்டார்.

நஷ்டமடைவோர் பட்டியலில் நம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளி மாநிலங்களில் தமிழர் நடத்தும் மாத இதழ்களை எழுதுவோர் யார்? பகலில் பாங்கில் கணக்கெழுதுகிறவர், பள்ளி ஆசிரியை, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வீட்டு வேலை முடிந்த பின் பேனா எடுக்கும் குடும்பத் தலைவி. ஊதியம் எவருக்கும் இல்லை. நம் குழந்தைகளின் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருப்பதையும், நம் மக்கள் வாழும் குடிசைப் பகுதியை இடிக்க நோட்டீசு வந்திருப்பதையும் தலைநகரப் பெரும் பத்திரிகைகள் நமக்காகத் தமிழில் எழுதப் போவதில்லை. இப்படிப்பட்ட சிறு பத்திரிகையே எழுத வேண்டும். இதற்கெல்லாம் சன்னது கேட்டால், சன்னது பெற்றவர் நமக்கு எழுத வரமாட்டார். நமக்கு எழுதுகிறவர் சன்னது பெறமாட்டார்.

அப்படியானால் என்ன வழி?

பொய் எழுதுகிறவனை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. எழுதும் ஆளுக்கு முன்தடை வேண்டாம். எழுதிய குற்றத்துக்குப் பின்விசாரணை வேண்டும் என்பதே நம் கட்சி. பணம் பறிப்பவன் கையில் பேனா இருந்தாலும் கத்தி இருந்தாலும் குற்றம் ஒன்றே. அதற்குச் சட்டம் உண்டு. அவதூறுக்கும், சமூகங்களிடையே பகை மூட்டுவதற்கும் சட்டங்கள் உண்டு. பத்திரிகை ஒழுக்கத்தைக் கவனிக்க, 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி மீண்டும் அமைக்கப்பட்ட பத்திரிகை மன்றம் இருக்கிறது.

இந்த மன்றத்தை அணுகும் முறையை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது. தவறான செய்தி வந்தால், முதலில் அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதித் திருத்தம் கேட்க வேண்டும். அவர் திருத்தாவிட்டால், செய்தியின் நகலையும் தாம் எழுதிய கடிதத்தின் நகலையும் இணைத்து மன்றத்துக்கு முறையீடு அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளிவந்த 2 மாதத்துக்குள்ளும், மற்றவை என்றால் 4 மாதத்துக்குள்ளும் அனுப்ப வேண்டும். அதே விஷயம் கோர்ட்டில் இருக்கக் கூடாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விசாரித்த பின் மன்றம் எச்சரிக்கலாம், கடிந்துரைக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சியும் இணையச் செய்தியும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. இவை பெரிய குறைகளே. பத்திரிகை மன்றத்தின் கண்டனத்தை முதற்பக்கத்தில் வெளியிட்டே தீர வேண்டும் என்று செய்வதும், எல்லா வகைச் செய்திக்கும் அரசாங்கத்தின் பிடியில் அகப்படாத ஒரு பொது மன்றம் அமைப்பதும் நாம் கேட்க வேண்டிய சீர்திருத்தங்கள். அவற்றை விட்டு லைசென்ஸைக் கேட்பது, மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

கடைசியாக ஒரு வார்த்தை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி வழியாகச் செய்தி அனுப்பாதவர் இல்லை. அந்த அளவில் நாம் எல்லோருமே நிருபர்கள். கலக்கம் தரும் செய்தி ஒன்று வந்ததும், இது எந்த ஊரில் நடந்தது, எந்தத் தேதி, கண்டவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, விடை தெரிந்த பிறகே அடுத்தவர்க்கு அனுப்புவது என்று நம் குடும்பங்கள் விரதம் பூணலாம். 2023 மார்ச்சில் அப்படிச் சில ஆயிரம் வீடுகள் செய்திருந்தால், எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் நிம்மதியாக உறங்கியிருக்கும். எந்த அரசாங்கமும் தர முடியாத, எந்த அரசாங்கமும் பறிக்க முடியாத தகுதி அது. எழுதுகிறவர்க்கு மட்டுமன்றிப் படிக்கிறவர்க்கும் அது வேண்டும்.